தகரப் பீப்பாவிற் பிறந்த கலை

எண்ணெய் தீர்ந்த தகரப் பீப்பா நம் வளவில் என்னவாகும்? கிணற்றடியில் நீர் தாங்கும். துருவேறியபின் வேலிப் பொட்டை அடைக்கும். கரீபியக் கடலிலுள்ள ஹெயிட்டி நாட்டிலோ அது கடற்கன்னியாகவும் கனிமரமாகவும் உருமாறுகின்றது.

தலைநகருக்கு அணித்தேயுள்ள குருவா தெ பூக்கே என்னும் ஊரில், ஜோர்ஜ் லியோத்தோ (1899–1991) என்ற கொல்லர் கல்லறைகளுக்கு இரும்புச் சிலுவை அடித்து வாழ்ந்தார். 1953 இல் அச்சிலுவைகளின் அழகைக் கண்டு வியந்தவர் டிவிற் பீற்றர்ஸ் என்னும் அமெரிக்கர். 1944 இல் தலைநகரிற் கலை நிலையம் நிறுவியவர். அவர் தூண்டுதலாற் கொல்லர் சிற்பியானார். அயலவரும் கற்றனர். நொயாய்க் குறிச்சியெங்கும் உளியோசை எழுந்தது.

பீப்பாவின் இரு மூடிகளையும் வெட்டி நீக்குவர். உள்ளே வைக்கோலும் வாழைச் சருகும் திணித்துத் தீ மூட்டுவர். எஞ்சிய எண்ணெயும் பூச்சும் எரிந்தபின், நெடுகப் பிளந்து, மிதித்தும் அடித்தும் தட்டையாக்குவர். அதன்மேல் வெண்கட்டியால் உருவம் வரைந்து, உளியும் சுத்தியலும் கொண்டு கொத்தி எடுப்பர். மரக்கிளை பறவையாகும், பெண்ணின் கூந்தல் மீனாகும். வூடு சமயத் தெய்வங்களும் அங்கே உருப்பெறும். ‘கழிவுப் பொருட் கைவேலை’ என்று மாணவர்க்கு நாம் கற்பிப்பதை இதனோடு ஒப்பிட நாணுகின்றேன்.

2020 ஆம் ஆண்டையடுத்து ஆயுதக் கும்பல்கள் அவ்வட்டாரத்தைத் தம் பிடிக்குட் கொண்டுவந்தன. கைவினைஞர் பலர் பட்டறையை விட்டு ஓடினர். இடம்பெயர்ந்து வாழ்ந்த நம்மவர்க்கு அதன் பொருளை நான் விளக்கவேண்டியதில்லை. சிலர் வேற்றிடங்களில் மீண்டும் உளி பிடித்தனர். ஆயினும், தந்தை கொத்துவதை மகனும் அயலானும் நின்று பார்த்துப் பழகிய முற்றங்கள் வெறிச்சோடின.