காய்ந்த ஜெல்லிக் காளானை ஏன் காக்கிறார்கள்?

பட்டுப்போன கிளையில் தளதளவென்று வளரும் வெண்ணிற ஜெல்லிக் காளானின் உடலில் பெரும்பகுதி தண்ணீர்தான். உலர்த்தினால் மெல்லிய பொருக்காகிவிடும். அதை ஏன் நூறாண்டுக்கு மேல் காகித உறையில் வைத்துக் காக்க வேண்டும்?

தாவரவியலாளர் ரிச்சர்ட் ஸ்புரூஸ் பிரேசிலில் சேகரித்த மாதிரிகளைக் கொண்டு, 1856-ல் பூஞ்சையியலாளர் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி ‘டிரெமெல்லா ஃபியூசிஃபார்மிஸ்’ என்ற இனத்தை விவரித்தார். சீனச் சமையலில் சூப்புக்கும் இனிப்புக்கும் போடும் காளான் இதுவே. பெர்க்லியின் சேகரிப்பு 1879-ல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குப் போனது. ஒரு பெயர் எந்தக் காளானுக்கு உரியது என்ற சர்ச்சை எழுந்தால், முதல் விவரிப்புக்கு அடிப்படையான மூல மாதிரிதான் சாட்சி. படமும் வர்ணனையும் அதற்கு ஈடாகாது.

பொருக்கு எப்படிப் பேசும்? சிறு துணுக்கில் நீர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி விட்டால், சுருங்கிய இழைகள் மறுபடி உப்பி விரியும். வித்துகளைத் தாங்கும் செல் நெடுக்குவாட்டில் நான்காகப் பிரிந்திருப்பது நுண்ணோக்கியில் தெரியும். டிரெமெல்லாவின் அடையாளங்களில் ஒன்று அது. பழைய மாதிரியின் டிஎன்ஏ நொறுங்கியிருக்கும். குட்டிக் குட்டித் துண்டுகளாகப் படித்துத்தான் கோக்க வேண்டும். ஒவ்வொரு சோதனையிலும் மாதிரி கொஞ்சம் குறைகிறது. காப்பாளர்கள் தயங்குவது நியாயமே.

இன்னொன்று: இந்தக் காளான் மரத்தைத் தானே உண்பதில்லை, அதே மரத்தில் வாழும் வேறொரு பூஞ்சையைச் சார்ந்து வளர்கிறது. அதனால் பட்டையோடு பெயர்த்தெடுத்த பழைய மாதிரியில் இரு உயிர்களின் உறவும் சேர்ந்தே கிடைக்கக்கூடும்.