நோயா? துப்பாக்கியா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் நாள்தோறும் காலையில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிப்பார்; மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் அவர் படித்த செய்தி இது: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் யுவால்டி என்னும் ஊரில், தொடக்கப் பள்ளி ஒன்றினுள் புகுந்த 18 வயது இளைஞன் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்றுவிட்டான். கேட்டவர்கள் திகைத்து நின்றார்கள். "பைத்தியக்காரன் கையிலே துப்பாக்கி கிடைச்சா வேற என்ன நடக்கும்?" என்றார் ஒருவர். சொல்லிவிட்டு, பெஞ்சின் ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த என் தாய்மாமனை ஒரு பார்வை பார்த்தார். மாமா பாதிக் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மாமாவுக்கு மனச்சிதைவு நோய் உண்டு. மாதந்தோறும் அரசு மருத்துவமனை வரிசையில் நின்று மாத்திரை வாங்கி உண்கிறார். ஆடு மேய்ப்பார், கிணற்றில் எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவரும் அவரே. நோய் முற்றிய நாட்களில், யாரோ தம்மை அடிக்க வருவதாக அஞ்சி வைக்கோற் போரின் பின்னே ஒளிந்திருப்பார். அவர் யாரையும் அடித்து நாங்கள் கண்டதில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே, அன்று கடையில் கேட்ட கேள்விக்குச் சரியான விடை காண்பது என் கடமை என்று எண்ணினேன். அதன் விளைவே இக்கட்டுரை.

துயரத்தின் வரலாறு

1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில், அங்கேயே பயின்ற இரு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்று, தாங்களும் மாய்ந்தனர். 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளியில் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் 20 பேரும் பெரியவர்கள் 6 பேரும் மாண்டனர். 2018 பிப்ரவரி 14 அன்று புளோரிடாவின் பார்க்லாந்தில் 17 பேர் உயிரிழந்தனர்.

இவற்றுள் ஒன்று நம் மண்ணையும் தொட்டது. 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் மாணவன் ஒருவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். இறந்தவருள் ஒருவர் பேராசிரியர் ஜி. வி. லோகநாதன். கோபிசெட்டிபாளையம் பகுதியில் பிறந்து, நீரியல் துறையில் பெயர் பெற்ற அறிஞர். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

உரிமை எங்கிருந்து வந்தது?

ஒரு குடிமகன் இத்தனை எளிதாகத் துப்பாக்கி வாங்க முடியுமா என்று நாம் வியக்கிறோம். அமெரிக்க அரசியலமைப்பில் 1791இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தம், படைக்கலம் வைத்திருக்கும் மக்களின் உரிமையைக் கூறுகிறது. அது குடிமக்கள் படைக்கு மட்டும் உரியதா, தனி மனிதனுக்கும் உரியதா என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது. 2008இல் ஹெல்லர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது தனி மனித உரிமையே என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், குற்றவாளிகளும் மனநோயாளரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதென்ற பழைய தடைகளைத் தாம் ஐயுறவில்லை என்றும் நீதிபதிகள் கூறினர். 2017ஆம் ஆண்டு நிலவரப்படி அந்நாட்டுப் பொதுமக்களிடம் ஏறத்தாழ 39 கோடித் துப்பாக்கிகள் இருந்தன என்பது ஒரு மதிப்பீடு. அதாவது, மக்கள் தொகையைக் காட்டிலும் துப்பாக்கிகளின் தொகை மிகுதி!

1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நீதிமன்றம் போன்ற அமைப்பு ஒருவரை மனநிலை குன்றியவர் என்று முடிவு செய்திருந்தாலோ, கட்டாயமாக மனநல விடுதியில் சேர்த்திருந்தாலோ அவர் துப்பாக்கி வாங்க இயலாது. உரிமம் பெற்ற கடைக்காரர் விற்குமுன் வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் கணிப்பொறி முறை 1998இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் தனியார் ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்வதற்குப் பல மாநிலங்களில் இச்சோதனை இல்லை. வர்ஜீனியா டெக் மாணவன் தனக்கே ஆபத்தானவன் என்று 2005இல் ஒரு நீதி அலுவலர் முடிவு செய்து, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற ஆணையிட்டிருந்தார். அந்தச் செய்தி கணிப்பொறிப் பட்டியலுக்குச் சென்று சேரவேயில்லை. அவன் கடையில் முறைப்படி இரு துப்பாக்கிகளை வாங்கினான்.

நோயே காரணமா?

இந்த நிகழ்ச்சியைச் சுட்டிக்காட்டி, "பார்த்தீர்களா, எல்லாம் மனநோய்தான்" என்பாரும் உளர். துப்பாக்கி உரிமையை ஆதரிப்போர் பலர், "துப்பாக்கியைக் குறை கூறாதீர், நோயைக் கவனியுங்கள்" என்கின்றனர். சிலரிடம் நோய் இருந்தது உண்மை. அதை மறைப்பது அறிவியல் ஆகாது. ஆனால் ஒருவரிடம் நோய் இருந்ததென்பது வேறு. நோய்தான் அவரைக் கொல்லத் தூண்டியதென்பது வேறு.

அமெரிக்க ஆய்வாளர் சுவான்சன் முதலியோர் ஆயிரக்கணக்கான மக்களிடையே நடத்தி 1990இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டு நினைக்கத்தக்கது. கடும் மனநோய் முழுவதையும் ஒரே நாளில் ஒழித்துவிட்டாலும், சமூகத்தில் நிகழும் வன்செயல்களில் 4 விழுக்காடு அளவே குறையும் என்பது அதிலிருந்து பெறப்படும் கணக்கு. எஞ்சிய 96 பங்கிற்குக் கடும் மனநோய் காரணமன்று. மேலும், மனச்சிதைவும் மனச்சோர்வும் எல்லா நாட்டிலும் உண்டு. அமெரிக்கருக்கென்று தனியான மூளை இல்லை. அவ்வாறாயின், பள்ளித் துப்பாக்கிச் சூடு அந்நாட்டில் மட்டும் இத்தனை முறை நிகழ்வானேன்? நோய் எங்கும் உள்ளது. கை நீட்டினால் கிடைக்கும் துப்பாக்கி அங்கேதான் மிகுதியாக உள்ளது.

மனநோய்க்கும் துப்பாக்கிக்கும் உண்மையான உறவு வேறோர் இடத்தில் இருக்கிறது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். உள்ளம் நொந்தவர் துப்பாக்கியைப் பிறர்மீது திருப்புவதைவிடத் தம்மீதே திருப்பிக்கொள்வது மிகுதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஓர் ஆய்வின் படிப்பினை

கொலம்பைன் துயரத்திற்குப் பின், அமெரிக்க இரகசியக் காவல் துறையும் கல்வித் துறையும் இணைந்து, முன்பு நடந்த 37 பள்ளித் தாக்குதல்களையும் அவற்றை நடத்திய 41 பேரையும் ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டன. தாக்கியவன் இப்படித்தான் இருப்பான் என்று அடையாளம் கூற இயலாது என்பது முதல் முடிவு. நன்கு படித்தவனும் உண்டு, படிக்காதவனும் உண்டு. தனித்திருந்தவனும் உண்டு, நண்பர் சூழ இருந்தவனும் உண்டு. முன்பே மனநோய் என்று கண்டறியப்பட்டவர்கள் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆனால் தற்கொலை எண்ணமோ முயற்சியோ இருந்தவர்கள் 78 விழுக்காடு. பத்து நிகழ்ச்சிகளில் எட்டில், அத்திட்டம் முன்கூட்டியே வேறொருவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வேறொருவர் பெரும்பாலும் நண்பரோ, வகுப்புத் தோழரோ, உடன்பிறந்தவரோ ஆவார். மூன்றில் இரு பங்கிற்கு மேற்பட்டோர் துப்பாக்கியைத் தம் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ எடுத்து வந்தனர்.

இம்முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்ப்போம். வாழ்வை வெறுத்த ஓர் இளைஞன். அவன் சொன்னதைக் கேட்டும் வாய் திறவாத ஒரு தோழன். பூட்டாத ஓர் அலமாரி. இம்மூன்றும் கூடும் இடத்தில்தான் துயரம் பிறக்கிறது.

தடுக்கும் வழிகள்

முதலாவது, வீட்டுத் துப்பாக்கியைப் பூட்டி வைத்தல். மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்போர்டு பள்ளியில் 2021 நவம்பர் 30 அன்று 15 வயது மாணவன் 4 மாணவர்களைக் கொன்றான். அத்துப்பாக்கி சில நாட்களுக்கு முன் அவன் தந்தை வாங்கியது. அன்று காலையில்தான் அவன் வரைந்த அச்சமூட்டும் படத்தைக் கண்டு பள்ளி அவன் பெற்றோரை அழைத்திருந்தது. அவர்கள் அவனை வீட்டிற்கு அழைத்துச் செல்லவில்லை. 2024இல் தாய், தந்தை இருவருக்கும் தலா 10 முதல் 15 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இரண்டாவது, ஆபத்தான நிலையில் இருப்பவரிடமிருந்து நீதிமன்ற ஆணையின் பேரில் சில காலம் துப்பாக்கியை விலக்கி வைக்கும் சட்டம். 1999இல் கனெக்டிகட்டில் தொடங்கிய இம்முறை இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உள்ளது. உரிமை பறிபோகும் என்று அஞ்சுவோரின் வாதத்தையும் தள்ளிவிடலாகாது. அதனால்தான், சம்பந்தப்பட்டவர் நீதிபதி முன் தம் பக்கத்தைச் சொல்ல அதில் இடமுண்டு. பல மாநிலங்களில் ஆணைக்குக் கால வரம்பும் உண்டு. அது பார்ப்பது ஒருவரின் நோயின் பெயரையன்று. அவரது மிரட்டலையும் செயலையுமே. என்னைப் பொறுத்தவரை இதுவே நேர்மையான அளவுகோல்.

மூன்றாவது, ஆசிரியர், மனநல வல்லுநர், காவல் அலுவலர் அடங்கிய குழு, மிரட்டல் விடுத்த மாணவனை அழைத்துப் பேசி, அவன் இடரை அறிந்து உதவுதல். வர்ஜீனியா மாநிலம் 2013 முதல் இதனை அரசுப் பள்ளிகளில் கட்டாயமாக்கியது.

பள்ளியிலேயே ஆயுதம் ஏந்தியவரை நிறுத்தினால் என்ன என்று கேட்கலாம். கொலம்பைனிலும் பார்க்லாந்திலும் ஆயுதம் தாங்கிய காவலர் இருந்தார். யுவால்டியில் நூற்றுக்கணக்கான காவலர் வந்து சேர்ந்தும், கொலையாளி இருந்த வகுப்பறைக்குள் நுழைய ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. சாகத் துணிந்தவனைத் துப்பாக்கி காட்டி அச்சுறுத்துவது எங்ஙனம்?

நமக்கு என்ன?

கடல் கடந்த நாட்டின் செய்தி நமக்கெதற்கு என்று எண்ண வேண்டா. துப்பாக்கி நம் ஊரில் இல்லாதிருக்கலாம். ஆனால் "பைத்தியம்" என்ற சொல் நம் எல்லார் நாவிலும் இருக்கிறது. நோயாளியைக் கொலையாளி என்று கூறும் ஊரில், நோய் வந்தவன் மருத்துவரிடம் போக மாட்டான், மறைப்பான். மறைத்த நோய் முற்றும். அப்போது அவனுக்கும் கேடு, அவன் வீட்டாருக்கும் கேடு.

நண்பர்களே! விடுதி அறையில் உங்கள் தோழன் ஒருவன் "வாழ்ந்து என்ன பயன்?" என்று சொன்னால் அதை விளையாட்டாகக் கொள்ளாதீர்கள். அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அது காட்டிக் கொடுப்பதாகாது. முதல் மருந்து அதுவே.

என் மாமாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டுமே தெரியும். இம்மலர் கைக்கு வந்ததும் நானே அவருக்குப் படித்துக் காட்டுவேன். பிறகு அவரை அழைத்துக்கொண்டு அதே தேநீர்க் கடைக்குப் போவேன்.