6.8 டிகிரி மேட்டர்!

ஒரு தெர்மோகோல் கப். அதுல 50 மில்லி ஹைட்ரோகுளோரிக் ஆசிட், கூடவே 50 மில்லி காஸ்டிக் சோடா. ரெண்டும் ஒரு மோலார். கலந்து மூடிட்டு தெர்மாமீட்டரைப் பாருங்க... 6.8 டிகிரி ஏறணும். கெமிஸ்ட்ரி லேப்ல நீங்க தூக்கிப் போடற அந்த கப்தான் பாஸ், கலோரிமீட்டர்!

கணக்கு சிம்பிள். 100 கிராம் கரைசல், 4.18 தன்வெப்பம், 6.8 டிகிரி... மூணையும் பெருக்கினா சுமார் 2.84 கிலோஜூல். கப்புல இருக்கறது ஒரு மோல்ல இருபதுல ஒரு பங்கு. ஆக, மோலுக்கு கிட்டத்தட்ட 57 கிலோஜூல். புத்தகமும் அதையேதான் சொல்லுது.

ஆனா, உங்க தெர்மாமீட்டர் 6-லயே நின்னுடும். மிச்ச வெப்பம் கப்புக்கும் காத்துக்கும் போயிடுச்சு. உடனே 57-ஐ முதல்ல எழுதிட்டு, ரீடிங்கைப் பின்னாலேர்ந்து 'கண்டுபிடிக்கிற' விஞ்ஞானிகள் எல்லா காலேஜ்லயும் உண்டு!

அந்த ஓடிப்போன வெப்பத்துலதான் விஷயமே இருக்கு. பாத்திரத்தோட நீள, அகல, உயரத்தைப் பத்து மடங்காக்கினா கொள்ளளவு 1,000 மடங்கு. வெப்பம் வெளியேறுற பரப்போ 100 மடங்குதான். பீக்கர்ல சமர்த்தா இருந்த வினை, பெரிய ரியாக்டர்ல சூடாகும். சூடு ஏறினா வினை வேகமாகும், வேகமானா இன்னும் சூடு.

அமெரிக்காவுல, ஃப்ளோரிடாவோட ஜாக்சன்வில் நகரத்துல டி-2 லேபரட்டரீஸ்னு ஒரு கம்பெனி. பெட்ரோல்ல சேர்க்கிற ஒரு ரசாயனத்தை ஒரு லிட்டர் கண்ணாடிப் பாத்திரத்துல செஞ்சு பார்த்துட்டு, நேரா 9,000 லிட்டருக்கு மேல பிடிக்கிற ரியாக்டருக்குப் போனாங்க. 2007 டிசம்பர் 19. 175-வது பேட்ச். குளிர்விக்கிற தண்ணி வேலை செய்யலை. ரியாக்டர் வெடிச்சு 4 பேர் இறந்தாங்க, 32 பேருக்குக் காயம்.

அப்புறம்தான் அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் அதே கலவையைக் கலோரிமீட்டர்ல சோதிச்சது. 199 டிகிரியைத் தாண்டினா சோடியமும் கரைப்பானும் சேர்ந்து ரெண்டாவதா ஒரு வினையைத் தொடங்குதுன்னு தெரிஞ்சது. முதல் வினையைவிட அதுல வர்ற வெப்பம் ரொம்ப அதிகம். சின்ன சாம்பிளே காட்டிக்கொடுத்திருக்கும் சங்கதி!

2009-ல வந்த வாரியத்தோட ரிப்போர்ட், கம்பெனியோட நிக்கலை. கட்டுப்பாடு மீறுற வினைகளைப் பத்திக் கெமிக்கல் இன்ஜினீயரிங் பாடத்திட்டத்துலயே சொல்லிக்கொடுக்கணும்னு சிபாரிசு பண்ணுச்சு.