இயங்குபடமும் இரக்கமும்

வீடுகளில் ‘கார்ட்டூன்’ என்று வழங்கும் இயங்குபடம், அடிப்படையில் அசையாத ஓவியங்களின் தொகுப்பே ஆகும். திரையில் ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வோர் ஓவியத்தையும் இருமுறை படம்பிடித்துச் சிக்கனம் செய்தாலும், கையால் வரையப்படும் பத்து நிமிடப் படத்திற்கு 7,200 ஓவியங்கள் தேவை. ஓடும் மானை வரைவது அரிது. நிற்கும் மானை வரைவது அதனினும் அரிது. ஒரே ஓவியத்தை நெடுநேரம் காட்டினால் மான் பொம்மையாகிவிடும். ஆகவே, அது நிற்கும்போதும் மார்பு ஏறி இறங்குவதையும் காதுமடல் சிலிர்ப்பதையும் ஓவியர் வரைந்தாக வேண்டும். இன்னோர் உயிரின் மூச்சை உற்றுநோக்கும் பொறுமையிலிருந்தே இக்கலை பிறக்கிறது. அந்தப் பொறுமையையும் அதன்வழி வரும் இரக்கத்தையும் பார்க்கும் குழந்தையிடத்தும் உண்டாக்க முடியுமா என்பதே வினா.

இந்தியாவில் அம்முயற்சி ஒரு மானிலிருந்தே தொடங்கியது எனலாம். டிஸ்னி நிறுவனத்தின் ஓவியராக இருந்த கிளேர் வீக்ஸ், 1956-இல் மும்பைக்கு வந்து நடுவண் அரசின் பிலிம்ஸ் டிவிஷன் ஓவியர்களுக்குப் பயிற்சியளித்தார். அதன் விளைவாக உருவானது ‘தி பேனியன் டீர்’ என்னும் படம். புத்த ஜாதகக் கதையொன்று அதற்கு அடிப்படை. அரசனின் உணவுக்காக நாளுக்கொரு மான் முறைவைத்துப் பலியாகிறது. கருவுற்ற பெண்மானின் முறை வருகிறது. அதற்கு மாற்றாக மான்களின் தலைவன் தானே வந்து தலைசாய்த்துக் கிடக்கிறது. அதனைக் கண்ட அரசன் மனம் நெகிழ்ந்து எல்லா மான்களுக்கும் உயிர்ப்பிச்சை அளிக்கிறான்.  அரசனை மாற்றியது அவன் கண்ட காட்சி.

எல்லாப் படங்களும் இவ்வாறு நின்று நோக்க இடந்தருவதில்லை. அமெரிக்க உளவியலாளர்களான லில்லார்டும் பீட்டர்சனும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். விரைந்தோடும் கார்ட்டூனை ஒன்பது நிமிடம் பார்த்த குழந்தைகள், உடனே நடந்த கவனம், தன்னடக்கம் ஆகியவை சார்ந்த சோதனைகளில் ஏனையோரைவிடப் பின்தங்கினர். லில்லார்டு தம் குழுவினருடன் செய்த பிந்தைய ஆய்வோ வேகத்தைவிட, நடப்பியலுக்கு முற்றிலும் மாறான நிகழ்வுகளே குழந்தையின் மனத்தை மிகுதியாகக் களைப்பூட்டுகின்றன என்று காட்டியது. ‘விரைவான படம் தீது, மெதுவான படம் நன்று’ என்று எளிதாகத் தீர்ப்பெழுத இயலாது.

நல்ல கதையும் குழந்தையிடம் வேறு பொருளில் சென்று சேரலாம். மேரீஸ், அகோஸ்டா ஆகிய இரு ஆய்வாளர்கள், மூன்று கால்களையுடைய நாயை மற்ற நாய்கள் ஏற்றுக்கொள்ளும் கார்ட்டூன் ஒன்றை மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்குக் காட்டினர். வேறுபட்டவரை ஒதுக்கலாகாது என்பது படத்தின் நோக்கம். குழந்தைகளுள் பெரும்பாலோர் புரிந்துகொண்டதோ, மூன்று கால் நாயிடம் அன்பாயிருக்க வேண்டும் என்பதையே! சிரிப்புக்குரியதாகத் தோன்றினும் இது கருதத்தக்கது. தென்காசி மாவட்டத்துப் பண்பொழியில் வளரும் குழந்தையொன்று அப்படத்தைப் பார்ப்பதாகக் கொள்ளலாம். மூன்று கால் நாயை அது தன் தெருவில் ஒருபோதும் காணாமலே போகலாம். ஆனால், திருமலைக்குமாரசுவாமி கோயில் படிகளில் ஏறவியலாமல் மூச்சுவாங்கி அமர்ந்திருக்கும் முதியவரைக் காணும். நாயிடமிருந்து முதியவருக்குத் தாவும் அந்தச் சிறு தாவலைப் படம் தானாகச் செய்துதருவதில்லை.

இவ்விடைவெளியைக் குறைத்த படம் ‘மீனா’. 1990-களில் தெற்காசியச் சிறுமியருக்காக யுனிசெப் நிறுவனம் இதனை உருவாக்கியது. மீனாவுக்கு உருவம் தந்த ராம் மோகன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்றவர். பிலிம்ஸ் டிவிஷனில் வீக்ஸிடம் பயின்ற ஓவியர்களுள் ஒருவர். ஒரு கதையில் மாம்பழத்தின் பெரும்பங்கு தம்பி ராஜுவுக்குக் கிடைக்கிறது. அக்காளும் தம்பியும் ஒருநாள் வேலைகளை மாற்றிக்கொள்கின்றனர். அவள் செய்துவந்த வேலைகளைச் செய்து ராஜு களைத்துப்போகிறான். சமபங்கு ஏன் வேண்டும் என்பதை அதன்பின் அவனுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. மாயமோ அரக்கரோ இன்றி, பார்க்கும் குழந்தையின் அடுக்களையிலும் முற்றத்திலும் நிகழக்கூடியது இக்கதை. குழந்தை தாண்ட வேண்டிய தூரம் மிகக் குறைவு.

அவ்வளவுக்குப் பின்னும் படத்தை மட்டும் நம்பி அதனை உருவாக்கியோர் இருந்துவிடவில்லை. சித்திரக்கதை நூல்களும் கலந்துரையாடல் வழிகாட்டிகளும் உடன் வழங்கப்பட்டன. பார்த்தபின் பேசுவதற்கு ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்பது அவர்களின் திட்டத்திலேயே இருந்தது. இன்றைய கைப்பேசியில் ஒரு படம் முடிந்த சில நொடிகளில் அடுத்தது தானே தொடங்கிவிடுகிறது. அதனை நிறுத்தி, “அந்த மான் ஏன் வந்தது?” என்று கேட்பதற்கான நேரத்தை வீட்டிலுள்ள அண்ணனோ அக்காளோதான் உண்டாக்க வேண்டியிருக்கிறது.