ரோட்டில் துண்டு போட முடியுமா? காருக்கு இடம் பிடிக்கும் ஆப்கள்... எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்?

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. சென்னை தி.நகர். "நாங்க இங்கயே இறங்கிக்கிறோம். நீங்க எங்கயாவது நிறுத்திட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அம்மாவும் பிள்ளைகளும் கடைக்குள் போய்விடுவார்கள். அந்த 'எங்கயாவது' எங்கே இருக்கிறது என்று தேடி, அப்பா உஸ்மான் சாலையிலிருந்து ஒரு தெரு, அங்கிருந்து இன்னொரு தெரு எனச் சுற்ற ஆரம்பிப்பார். ஒரு வழியாக இடம் பிடித்து, வியர்க்க விறுவிறுக்க நடந்து வருவதற்குள் இங்கே பில்லே போட்டிருப்பார்கள். பல வீடுகளில் தீபாவளித் துணியை அப்பா முதன்முதலில் பார்ப்பதே வீட்டுக்கு வந்த பிறகுதான்!

ரயிலுக்கு, சினிமாவுக்கு, டாக்டரைப் பார்ப்பதற்கு, திருப்பதி தரிசனத்துக்கு என எல்லாவற்றுக்கும் போனிலேயே முன்பதிவு செய்கிறோம். கார் நிறுத்தும் இடத்துக்கு மட்டும் ஏன் முடியாது? முடியும். லண்டனிலும் சிகாகோவிலும் ஒசாகாவிலும் பல ஆண்டுகளாக நடக்கிறது. ஆனால், எந்த இடத்தை முன்பதிவு செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நிலாவுக்குப் போய்வந்த கார்கள்

இடம் தேடிச் சுற்றுவதை ஒருவர் உட்கார்ந்து கணக்கே போட்டிருக்கிறார். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப். பார்க்கிங் பற்றியே பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். தன் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலுள்ள வெஸ்ட்வுட் வில்லேஜ் என்ற கடைத்தெருப் பகுதியில், இடம் தேடி ஒரு கார் சராசரியாக எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்த்தார். 3.3 நிமிடம். சுமார் அரை மைல் தூரம். 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். ஆனால், 15 பிளாக் மட்டுமே கொண்ட அந்தச் சின்ன வட்டாரத்தில், ஓராண்டுக்கு எல்லாக் கார்களும் சுற்றியதைக் கூட்டினால் 9,50,000 மைல் வந்தது. நிலாவுக்கு இரண்டு முறை போய்த் திரும்பும் தூரம்!

இந்தச் சுற்றலில் சலித்துப்போன இன்னொருவர் ஆண்டனி எஸ்கினாஸி. சான் ஃபிரான்சிஸ்கோவில் பேஸ்பால் மேட்ச் பார்க்கப் போனபோது ஸ்டேடியத்துக்கு அருகே நிறுத்த இடம் கிடைக்கவில்லை. ஆனால், அந்த வட்டாரத்து வீடுகளின் முன்னால், கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் கார் நிறுத்தும் இடங்கள் சும்மா கிடந்தன. அதைப் பார்த்து வந்த யோசனையில், 2006-ல் பிரிட்டனில் 'பார்க் அட் மை ஹவுஸ்' என்ற தளத்தைத் தொடங்கினார். இப்போது அதன் பெயர் ஜஸ்ட்பார்க். ஆபீஸுக்குக் காரை எடுத்துக்கொண்டு போனவரின் வீட்டு முற்றம் பகல் முழுக்கக் காலி. அதை மணிக்கணக்கில் இன்னொருவருக்கு வாடகைக்கு விடலாம். விம்பிள்டன் டென்னிஸ் நடக்கும் நாள்களில் சுற்றியுள்ள வீட்டுக்காரர்களுக்கு இது நல்ல கைச்செலவுக் காசு. இப்படி வரும் வாடகையில் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை வரி இல்லை என்று பிரிட்டன் அரசு 2017-ல் சலுகையும் கொடுத்தது.

சிகாகோவில் 2011-ல் தொடங்கிய ஸ்பாட்ஹீரோ வேறு வழியில் போனது. பெரிய பார்க்கிங் கட்டடங்களில் விற்காமல் கிடக்கும் இடங்களை ஆப் மூலம் முன்கூட்டியே விற்றுக் கொடுக்கிறது.

நீங்கள் வாங்குவது எதை?

பணம் கட்டியதும் ரயிலில் போல பெட்டி எண், சீட் எண் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான இடங்களில் கிடைப்பது உள்ளே நுழையும் உரிமை மட்டுமே. 300 கார் நிற்கும் கட்டடத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையை ஆப்புக்கு என ஒதுக்கி வைப்பார்கள். வாசலில் க்யூஆர் கோடைக் காட்டியோ, கேமரா நம்பர் பிளேட்டைப் படித்தோ தடுப்பு திறக்கும். உள்ளே போய்க் காலியான இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 300 பேரில் நான்கு பேர் தாமதமாக எடுத்தால் யாருக்கும் தெரியாது. ஆனால், ஒரே ஒரு கார் நிற்கும் வீட்டு முற்றத்தில், முன்னால் வந்தவர் அரை மணி நேரம் தாமதித்தால் அடுத்தவர் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். கையில் ரசீது இருக்கும். காருக்கு இடம் இருக்காது. பணம் திரும்ப வந்துவிடும். தவறவிட்ட மேட்ச் திரும்ப வராது.

சாவியைக் கொடுக்கும்போது இன்னும் உஷார் தேவை. வெளிநாட்டு விமான நிலையங்களில் 'மீட் அண்ட் கிரீட்' என்றொரு வசதி உண்டு. டெர்மினல் வாசலிலேயே ஓர் ஆள் வந்து காரை வாங்கிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது கொண்டுவந்து தருவார். கைக்குழந்தையும் நான்கு பெட்டியுமாக வருபவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால், 'பாதுகாப்பான வளாகம்' என்று விளம்பரம் செய்துவிட்டு, சேறு நிறைந்த வயலில் கார்களை நிறுத்திவைத்த ஆட்கள் பிரிட்டனில் வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள். அதனால்தான் அங்கே விவரம் தெரிந்தவர்கள், போலீஸ் ஆதரவுடன் வழங்கப்படும் 'பார்க் மார்க்' சான்று அந்த இடத்துக்கு இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். மகனையோ மகளையோ பார்க்க லண்டன் போகும் பெற்றோர், அவர்கள் புக் செய்யும்போது இதை ஒரு வார்த்தை கேட்டுவைக்கலாம்.

ரோடு யாருடையது?

முற்றமும் கட்டடமும் சரி. ரோட்டோரத்தை முன்பதிவு செய்ய முடியுமா?

2014-ல் மங்கிபார்க்கிங் என்ற ஆப் சான் ஃபிரான்சிஸ்கோவில் அதைத்தான் செய்தது. ரோட்டோரத்தில் நிற்கும் உங்கள் காரை எடுக்கப் போகிறீர்களா? அந்த இடத்தை ஆப்பில் ஏலம் விடலாம். 5 டாலர், 10 டாலர், 20 டாலர்... யார் அதிகம் தருகிறாரோ அவர் வரும்வரை காரை எடுக்காமல் காத்திருக்கலாம். நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடித்து, அந்தத் துண்டையே விலைக்கு விற்பது மாதிரி.

அதே ஆண்டு ஜூன் மாதம் நகர அட்டர்னி டெனிஸ் ஹெர்ரேரா ஓலை அனுப்பிவிட்டார். பொதுச் சாலையில் இருக்கும் பார்க்கிங் இடத்தை வாங்குவதும் விற்பதும் அந்த நகரச் சட்டப்படி குற்றம். இடத்தை விற்கும் கார்க்காரருக்கு 300 டாலர் வரை அபராதம் என்றார். நிறுவனம் அந்தச் சேவையை அங்கே நிறுத்திக்கொண்டது. ஆப் சொன்ன வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. இடம் எப்போது காலியாகும் என்ற தகவலைத்தான் விற்கிறோம் என்றார்கள். ஆனால், ஊர்ப் பணத்தில் போட்ட ரோட்டில், காசு உள்ளவர் வரும்வரை ஒருவர் மறித்துக்கொண்டு நின்றால், அவசரமாக மருந்து வாங்க வந்தவர் என்ன செய்வார்?

ஜப்பானில் இந்தச் சிக்கல் வேறு விதம். 1962-ல் வந்த சட்டப்படி, கார் வைத்திருப்பவர் அதை நிறுத்தத் தனக்கு இடம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். ராத்திரி முழுக்க ரோட்டில் விட்டுவைக்க முடியாது. அதனால் ஊர் முழுக்க மாத வாடகை பார்க்கிங் மனைகள். கார் வெளியே போயிருக்கும் பகல் நேரத்தில் அவை காலி. ஒசாகாவில் 2014-ல் தொடங்கிய அகிப்பா என்ற ஆப், அந்தக் காலி நேரத்தை விற்கிறது.

நம்மூரில் ரோடுதான் பாதிப் பேருக்கு கார் ஷெட். முன்பதிவு இங்கேயும் உண்டு, ஆப் இல்லாமலேயே. வீட்டு வாசலுக்கு வெளியே, ரோட்டில், இரண்டு பூந்தொட்டி, ஓர் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, 'வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்' என்றொரு போர்டு. சான் ஃபிரான்சிஸ்கோ ஏலத்துக்கும் இந்தப் பூந்தொட்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே பொது இடத்தில் போட்ட துண்டுதான்.

சென்னை மாநகராட்சியின் ஸ்மார்ட் பார்க்கிங் திட்டத்தில், எங்கே இடம் இருக்கிறது என்று ஆப்பில் பார்க்கவும் கட்டணம் கட்டவும் வழி செய்தார்கள். நல்ல விஷயம். ஆனால், 'காலி' என்று காட்டுவது வேறு, உங்களுக்காக வைத்திருப்பது வேறு. பனகல் பார்க் சிக்னலில் நிற்கும்போது காலியாகத் தெரிந்த இடம், சிக்னல் விழுந்து நீங்கள் போய்ச் சேரும்போது நிரம்பியிருக்கும். கயிறோ, கேட்டோ, காவலாளியோ இல்லாத ரோட்டில் இடத்தை யார் பிடித்துவைப்பது? தடுப்பும் வாசலும் உள்ள இடத்தில்தான் எண்ணிக்கை நிற்கும். மால், மருத்துவமனை, மல்டிலெவல் பார்க்கிங் எல்லாம் அந்த வகை.

எந்த ஆப்பாக இருந்தாலும் பணம் கட்டும் முன் மூன்று நான்கு விஷயங்களைப் பாருங்கள். கட்டடத்தின் உயர வரம்பு என்ன? கூரைமேல் லக்கேஜ் கேரியர் வைத்த கார் பேஸ்மென்ட் வாசலிலேயே மாட்டிக்கொள்ளும். ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பணம் வருமா? நம்பர் பிளேட்டைச் சரியாக டைப் செய்தீர்களா? கேமராவுக்கு ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு கார். அதோடு, வாசல் பின்பக்கத் தெருவில் இருந்தால் மேப் உங்களை முன்பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும்.

தி.நகர் தணிகாசலம் சாலையில் மாநகராட்சியின் மல்டிலெவல் பார்க்கிங் இருக்கிறது. 200-க்கும் மேற்பட்ட கார்கள், 500-க்கும் மேற்பட்ட டூவீலர்கள் நிற்கும். பாண்டி பஜார் அங்கிருந்து நடக்கும் தூரம். கடை வாசலில் இறங்காமல் மொத்தக் குடும்பமும் அங்கேயே இறங்கி நடந்தால், அப்பாவும் துணி எடுக்கும்போது கூட இருக்கலாம். கலர் விஷயத்தில் அவர் பேச்சு எடுபடுமா என்பது வேறு கதை!