உம்மாவின் பையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும்

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேறுவதற்குப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். உம்மா ஒரு பையோடு வந்தா. அந்த மாதத்தில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்களில் பெருந்தொகையினர் வந்து சேர்ந்தது இந்தப் புத்தளம், கற்பிட்டிக் கரைக்குத்தான்.

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் போட்டோ என்று பலரிடம் மிஞ்சியதை வாங்கி ஸ்கான் செய்து வைக்கிறேன். பழைய கணினி, அதில் உபுண்டு லினக்ஸ், பக்கத்தில் வெளி ஹார்ட் டிஸ்க். இரவில் புதிய கோப்புகள் டிஸ்க்குக்குத் தானாகப் பிரதியாகும்.

அப்படித்தான் நம்பியிருந்தேன். ஒருநாள் டிஸ்க்கை வேறு கணினியில் செருகினால் கடைசி மூன்று வாரக் கோப்பு ஒன்றுமே இல்லை. முசலி நாநா ஒருவரின் உறுதியும் அதற்குள் அடக்கம். மின்சாரம் போய் வந்தபோது கணினி மறுபடி எழும்பியிருக்கிறது. நான் கையால் கட்டளை கொடுத்து இணைத்திருந்த டிஸ்க் இணையவில்லை. பிரதிகள் அதே பெயருள்ள வெற்றுக் கோப்புறைக்குள், அதாவது கணினியின் சொந்த டிஸ்க்கிலேயே விழுந்திருக்கின்றன. அந்தக் கணினி பழுதாகியிருந்தால் இரண்டும் சேர்ந்தே போயிருக்கும்.

லினக்ஸில் டிஸ்க்கைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, திறந்து தருவது வேறு வேலை. கேபிளைச் செருகியதும் கேர்னல் கண்டுகொள்ளும். அதுவே எஸ்டிபி1 போல ஒரு பெயரும் வைக்கும். திறப்பதை, அதாவது மவுன்ட் செய்வதை, டெஸ்க்டொப் பார்த்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் கடவுச்சொல் கொடுத்து உள்ளே போன பிறகுதான். ஆளில்லாத இரவில் அது உதவாது.

அதற்கு எஃப்எஸ்டாப் என்ற கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். எஸ்டிபி என்ற பெயரை அதில் எழுதாதீர்கள். இன்னொரு பென் டிரைவ் முந்திக்கொண்டால் அது எஸ்டிசி ஆகிவிடும். யூயூஐடி என்ற நீண்ட இலக்கத்தை எழுதுங்கள். டிஸ்க்கை ஃபோர்மட் செய்யும்வரை அது மாறாது. எல்எஸ்பிஎல்கே கட்டளையோடு மைனஸ் எஃப் சேர்த்தால் அது தெரியும். வரியில் நோஃபெயில் என்ற சொல்லும் வேண்டும். அதை விட்டால், டிஸ்க் இல்லாத நாளில் கணினி ஒன்றரை நிமிடம் காத்திருந்து அவசர நிலையில் நின்றுவிடும். நான் நின்று பார்த்தவன்.

கடைசியாக, பிரதி எடுக்கும் நிரலின் முதல் வரியில் மவுன்ட்பொயின்ட் கட்டளையைப் போட்டேன். கோப்புறையில் உண்மையிலேயே டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று அது பார்க்கும். இல்லையென்றால் ஒன்றும் எழுதாமல் நிரல் நின்று, எனக்கு மின்னஞ்சல் அனுப்பும். போன கிழமை ஒன்று வந்தது. கேபிள் முனையில் உப்புக்காற்றுத் துரு.