விவாதமில்லாமல் வந்த 66ஏ

2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒரு சிறுதொழில் செய்பவர் கைதானார். மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதிவிட்டார் என்பது புகார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் மொத்தமே 16 பேர். அடுத்த மாதம் மகாராஷ்டிரத்தின் பால்கரில், பால் தாக்கரே மறைவையொட்டிய கடையடைப்பைக் குறை சொல்லி ஃபேஸ்புக்கில் எழுதிய இளம்பெண்ணும், அதற்கு லைக் போட்ட தோழியும் கைதானார்கள்.

இரண்டு வழக்கிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு இருந்தது. மிகவும் புண்படுத்தும் செய்தி என்றால் 3 ஆண்டு வரை சிறை. எது புண்படுத்தும் என்று சட்டம் சொல்லவில்லை. ஸ்டேஷனில் இருப்பவர் நினைத்ததுதான் அளவுகோல்.

மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 2008 டிசம்பர் 22 அன்று மக்களவையில் விவாதமே இல்லாமல் இந்தப் பிரிவைச் சேர்த்த சட்டத் திருத்தம் நிறைவேறியது. மறுநாளே மாநிலங்களவையும் ஒப்புதல் தந்தது. அத்தனை உறுப்பினர்களில் ஒருவராவது எழுந்து, "இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?" என்று கேட்டிருக்க வேண்டாமா?

அவையில் பேசியதற்கோ வாக்களித்ததற்கோ எம்.பி. மீது வழக்குப் போட முடியாது. அரசியல் சட்டத்தின் 105ஆவது பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. அது தேவையான பாதுகாப்புதான். ஆனால் குரல் வாக்கெடுப்பில் யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவே இருக்காது. பெயர்வாரியாகப் பதிவாக வேண்டுமானால் உறுப்பினர் யாராவது டிவிஷன் கேட்க வேண்டும். உங்கள் எம்.பி. கேட்டாரா என்று தொகுதிக்கு வரும்போது நேரிலேயே கேளுங்கள். சட்ட முன்வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு 30 நாளாவது வைக்க வேண்டும் என்று மத்திய அரசே 2014இல் கொள்கை வகுத்தது. மசோதா அப்படி வெளியானால், சந்தேகப்படும் சொல்லைக் குறிப்பிட்டு அமைச்சகத்துக்கும் எம்.பி.க்கும் எழுதுங்கள்.

ஷ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 66ஏவை ரத்து செய்தது. அதற்குப் பிறகும் போலீஸார் அதே பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டே இருந்தார்கள். இனி யார் மீதும் இதில் வழக்குத் தொடரக் கூடாது என்று 2022 அக்டோபரில் நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

ஆகவே இணையத்தில் எழுதியதற்காக உங்கள் மீது வழக்குப் பதிவானால், எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிப் பிரிவுகளைப் படியுங்கள். 66ஏ இருந்தால் 2015 தீர்ப்பைக் காட்டி மாஜிஸ்திரேட்டிடம் சொல்லுங்கள். உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடலாம். வேறு பிரிவுகளும் சேர்ந்திருந்தால் அவை தானாகப் போய்விடாது, வக்கீல் தேவை. பெண்கள், பட்டியலினத்தவர், காவலில் இருப்பவர்களுக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.